வேம்பு போட்ட பாதையும் பேசும் அரசியலும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர், முசிறி, லால்குடி வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை என்று இளைஞர்கள் இறங்குகிறார்கள். இறங்கியதும் பஞ்சப்பூர் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு ஓட்டம். 2025 ஜூலையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இந்தப் பக்கம் 'திருவானைக்காவல், ஸ்ரீரங்கம்' என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார். அந்தப் பக்கம் மலைக்கோட்டையில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. பூ விற்கும் பெண்கள், டீக்கடைக் கூட்டம், எல்லாவற்றையும் பிளந்துகொண்டு அந்த முதுகுப் பைகள் நகர்கின்றன. விடிந்தால் ஓ.எம்.ஆரிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும்.

இப்படிப் போவது திருச்சிக்குப் பழகிப்போன விஷயம். சத்திரத்திலிருந்து நடந்தே போய்விடலாம், புனித ஜோசப் கல்லூரிக்கு. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. அப்துல் கலாம் அங்கேதான் இயற்பியல் படித்தார். ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும் அங்கே படித்தவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராகி மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்தார், சுஜாதாவாகத் தமிழ் வாசகரைக் கட்டிப்போட்டார். எச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் பள்ளிப் படிப்பை முடித்தது திருச்சி புனித ஜோசப் பள்ளியில். டாடா குழுமத் தலைவர் சந்திரசேகரன் துவாக்குடியில், இன்றைய என்.ஐ.டி.யில், படித்தவர். நாஸ்டாக் பங்குச் சந்தையில் மணியடித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர். இங்கே படித்து வெளியூரில் பேர் எடுத்தவர்களின் பட்டியலை இந்த ஊர் பெருமையாகவே வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலுக்கு எதிர்த்திசையில் நடந்தவர் ஸ்ரீதர் வேம்பு. ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். 'ஆள் ஏன் வேலையைத் தேடிப் போகவேண்டும், வேலை ஆளைத் தேடி வரட்டுமே' என்பதைச் செய்து காட்டியவர். அதே மனிதர் ஆர்.எஸ்.எஸ். மேடை, இந்தி, தடுப்பூசி என்று சொல்வதெல்லாம் வாராவாரம் சர்ச்சையாகிறது. ஒரு வீட்டிலேயே மகன் அவரைக் கொண்டாடுகிறான், அப்பா முகம் சுளிக்கிறார். அப்பா கொண்டாடி மகள் முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. அவர் செய்த வேலையையும் சொல்லும் கருத்தையும் ஒரே தராசில் போடுவதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும். பேச்சு வேலையைப் பாதிக்கும் இடம் வரும்போது மட்டும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆளைத் தேடி வந்த வேலை

ஜோஹோ தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது 2011-ல். 2019-ல் வேம்புவே மத்தளம்பாறை கிராமத்துக்குக் குடிவந்தார். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைவர் வேட்டியோடு சைக்கிளில் போகும் படங்கள் நாடெங்கும் பரவின. அந்தப் படங்களைவிட முக்கியமான காரியம் அதற்கு 15 ஆண்டு முன்பே நடந்துவிட்டது. 2004-ல் பொறியியல் பட்டம் இல்லாத, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து, வேலையிலும் அமர்த்தும் பள்ளியை அவர் நிறுவனம் தொடங்கியது. இன்றைக்கு ஊழியர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் அந்த வழியாக வந்தவர்கள் என்பது நிறுவனம் சொல்லிவரும் கணக்கு.

இதன் அருமை முசிறிப் பக்கத்து ஒரு வீட்டுக்குத் தெரியும். பொறியியல் படிப்புக்கு நாலு வருஷக் கட்டணம், விடுதி, கல்விக் கடன். முடித்த பிறகு ஒரு வருஷம் சென்னையில் கோர்ஸ். கடனில் பாதி அடைவதற்குள் பையனுக்கு 25 வயது ஆகிவிடும். 17 வயதில் சம்பாத்தியத்தோடு கூடிய படிப்பு என்றால் அந்த வீட்டின் கணக்கே மாறிப்போகும். வெளியூர் விடுதியில் விடத் தயங்கி பெண்ணின் படிப்பை நிறுத்தும் குடும்பங்களுக்கு, பக்கத்து ஊரில் ஒரு மென்பொருள் அலுவலகம் என்பது இன்னும் பெரிய மாற்றம்.

ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். மத்தளம்பாறையில் அலுவலகம் வைக்க முடிந்ததற்கு மத்தளம்பாறைக்குத் தார்ச்சாலை இருந்ததும், மின்சாரம் இருந்ததும், பக்கத்தில் பள்ளி இருந்ததும் காரணம். சத்திரத்தில் நின்று பார்த்தாலே இது புரியும். 1970-களின் தொடக்கத்தில் பேருந்துகளை அரசுடைமையாக்கிய பிறகு, லாபம் பார்க்காமல் கடைக்கோடி கிராமம் வரைக்கும் வண்டி ஓடியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் (2021-22) தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அறுபது ஆண்டு அரசியல் தயாரித்துக் கொடுத்த நிலத்தில்தான் வேம்பு விதைத்தார். அவர் சாதனையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கிராமத்தை நம்பலாம் என்று துணிந்து பணத்தைப் போட்டவர் அவர். அந்த நம்பிக்கை பொய்க்காமல் பார்த்துக்கொண்டது அரசுப் பள்ளி ஆசிரியர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும்.

பெட்டிச் செய்தி: ஸ்ரீதர் வேம்பு

பூர்வீகம்: காவிரிக்கரை உமையாள்புரம், தஞ்சாவூர் மாவட்டம். பள்ளியில் தமிழ்வழிக் கல்வி.
படிப்பு: சென்னை ஐ.ஐ.டி. (1989), பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் (1994). பிறகு குவால்காம் நிறுவனத்தில் வேலை.
நிறுவனம்: 1996-ல் தம்பிகள், டோனி தாமஸ் ஆகியோரோடு சேர்ந்து அட்வென்ட்நெட், 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றம். வெளி முதலீடு வாங்கியதில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை.
விருது, பதவி: 2021-ல் பத்மஸ்ரீ, அதே ஆண்டில் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு உறுப்பினர்.
இப்போது: 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானி.

திருச்சிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும்

வேம்புவின் அரசியல் என்றதும் பலர் மதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலாளித்துவம் பற்றி அவர் வைத்திருக்கும் கருத்து அதைவிடக் கூர்மையானது. அதைப் புரிந்துகொள்ள கிரீஷ் மாத்ருபூதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

கிரீஷ் ஜோஹோவில் வேலை பார்த்தவர். 2010-ல் விலகி, பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆன ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கி, முதலீட்டாளர் பணத்தோடு வளர்த்தார். 2021 செப்டம்பரில் நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலானபோது பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் அதுவரை காணாத செல்வப் பங்கீடு அது. 2024 நவம்பரில் அதே நிறுவனம் ஏறத்தாழ 660 பேரை, அதாவது 13 சதவீத ஊழியர்களை, வேலையிலிருந்து நீக்கியது. கூடவே 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. அப்போது வேம்பு, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், கையில் இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு ஆளைக் குறைப்பது அப்பட்டமான பேராசை என்று எழுதினார். ஊழியரும் வாடிக்கையாளரும் முதலில், பங்குதாரர் கடைசியில் என்பது அவர் வாதம்.

இந்த ஒரு விஷயத்தில் இடதுசாரித் தொழிற்சங்கக்காரரும் அவரோடு உடன்படுவார். வெளி முதலீடு வாங்காததால்தான் அவரால் தென்காசியில் பத்து வருஷம் பொறுத்திருக்க முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்கு கேட்கும் முதலீட்டாளர் அதை அனுமதித்திருக்க மாட்டார். ஆனால் பங்குச் சந்தைக்கு வெளியே நிற்பதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுவனரின் பேச்சு நிறுவனத்துக்குப் பாரமானால் அதை எழுந்து கேட்கப் பொதுப் பங்குதாரர் யாரும் இல்லை. பங்குச் சந்தையில் இருக்கும் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் 2024-ல் டிரம்புக்காகப் பிரசாரம் செய்து, 2025-ல் அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்பையும் ஏற்றபோது டெஸ்லா ஷோரூம்கள் முன்னால் போராட்டம் நடந்தது, ஐரோப்பாவில் விற்பனை சரிந்தது, பங்குதாரர்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். ஜோஹோவில் அப்படியொரு கேள்வி எழுந்தால் அது குடும்பத்துக்குள்ளேயே எழவேண்டும்.

மேடை ஏறியபோது

2020 பிப்ரவரியில் சென்னையில் ஆர்.எஸ்.எஸ். சார்பு நிகழ்ச்சி ஒன்றில் வேம்பு பேசப்போகிறார் என்ற செய்தி வந்ததும் ஜோஹோவைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. சமூக ஊடகத் தாக்குதலைப் பார்த்துத் தான் போகும் மேடையை முடிவுசெய்வதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர் உரிமை. மத்திய ஆட்சிக்கு நெருக்கமானவர் என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுத்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீயும் பாதுகாப்புக் குழுப் பதவியும் வந்தபோது இன்னும் வலுத்தது.

தமிழ்நாட்டில் அவர் சாதியைச் சொல்லி அவர் வாதத்தைத் தள்ளுவோர் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்து வீதிகளில் அதே காரணத்துக்காக அவரை நம்மவர் என்று தூக்கிப்பிடிப்போரும் இருக்கிறார்கள். இரண்டுமே அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் சொன்னதை வைத்துத்தான் அவரோடு பேசவேண்டும்.

2025 பிப்ரவரியில் சொன்னது இது: கிராமத்து அலுவலகங்களில் இருக்கும் எங்கள் பொறியாளர்கள் மும்பை, டெல்லி, குஜராத் வாடிக்கையாளர்களோடு பழகவேண்டியிருக்கிறது, இந்தி தெரியாதது பெரிய இடைஞ்சல், அரசியலை விட்டுவிட்டு இந்தி கற்போம். தொழில் நடத்துபவரின் ஆலோசனையாகப் பார்த்தால் இதில் தப்பில்லை. ஆனால் அது எந்த மாதத்தில் வந்தது? மும்மொழிக் கொள்கையை ஏற்காததால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்திருக்கிறது என்று முதல்வர் பிரதமருக்கே கடிதம் எழுதிய மாதம். உங்கள் தொழிலுக்குத் தேவையென்றால் உங்கள் ஊழியருக்கு நீங்கள் கற்றுக்கொடுங்கள், அதற்காகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏன் படிக்கவேண்டும் என்று தி.மு.க. தரப்பிலிருந்து பதில் வந்தது.

திருச்சியில் இந்த விவாதத்துக்குத் தனி வலி உண்டு. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தது திருச்சி ரயில் நிலையம் முன்னால். அவருக்கும், அதே போராட்டத்தில் உயிர்நீத்த விராலிமலை சண்முகத்துக்கும் நினைவிடம் தென்னூரில். தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தமிழ்நாட்டுத் தலைமையகம் இருப்பதும் அதே தென்னூரில்தான். பிராத்மிக், மத்யமா என்று தேர்வெழுத அங்கே பிள்ளைகள் வருகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. இந்தி கற்க விரும்புபவருக்குக் கதவு திறந்தேயிருக்கிறது; பள்ளிப் பாடத்தில் கட்டாயமாக்குவதைத்தான் இந்த ஊர் எதிர்த்தது. வேம்பு அந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அரசியலை விட்டுவிட்டு என்று அவரால் எளிதாகச் சொல்லிவிட முடிகிறது. தென்னூரால் முடியாது.

எல்லை தாண்டிய இடம்

மொழியில் கருத்து வேறுபாடு இருக்கலாம். உடல்நலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. கோமியத்துக்கு மருத்துவ குணம் உண்டு என்று சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி பேசியதை 2025 ஜனவரியில் வேம்பு ஆதரித்தார். அதே ஆண்டு அக்டோபரில், சிறு குழந்தைகளுக்கு அளவுக்கு மீறித் தடுப்பூசி போடுகிறோம், ஆட்டிசம் பெருகுகிறது, பெற்றோர் கவனிக்கவேண்டும் என்ற பொருளில் எழுதினார். மருத்துவர்கள் கடுமையாக மறுத்தார்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பது பல நாடுகளில், லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது.

இதை வெறும் கருத்துச் சுதந்திரம் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்க்கு வேம்பு 'பெரிய விஞ்ஞானி'. அவர் பதிவு வாட்ஸ்அப்பில் தமிழாகி அவள் கணவரின் கைக்கு வந்தால், அடுத்த புதன்கிழமை அந்தக் குழந்தை வராமல் போகலாம். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக நடந்து வாங்கிய நம்பிக்கை அது. தொழிலில் சம்பாதித்த மதிப்பை, தான் படிக்காத துறையில் செலவு செய்யும்போது நஷ்டம் அவருக்கு வருவதில்லை. தட்டம்மை வந்த குழந்தைக்குத்தான் வருகிறது.

சுதேசிக் காற்று

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெற்றோர் தூங்காத இரவுகள் அவை. பயந்துகொண்டு அங்கே வாழவேண்டாம், ஊருக்கு வாருங்கள், ஐந்து வருஷத்தில் நிமிர்ந்துவிடலாம் என்றார் வேம்பு. அவர் தானே வந்து காட்டியவர் என்பதால் அந்தச் சொல்லுக்குக் கனம் இருந்தது. வந்தால் திருச்சியில் வேலை இருக்கிறதா என்பது அவர் ஒருவர் பதில் சொல்லும் கேள்வி அல்ல.

அதே நேரம் சுதேசிக் காற்று ஜோஹோ பக்கம் வீசியது. மத்திய அமைச்சர்கள் ஒவ்வொருவராக ஜோஹோவுக்கு மாறினார்கள். தமிழ்ப் பெயரோடு வந்த ஜோஹோவின் 'அரட்டை' குறுஞ்செய்திச் செயலியில் நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3.5 லட்சம் பேர் சேர்ந்தார்கள். நவம்பருக்குள் பதிவிறக்கப் பட்டியலில் அது வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது.

இந்தக் காற்றை இந்தியா முன்பும் பார்த்திருக்கிறது. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் அந்நிய நிறுவனங்களைப் பங்கைக் குறைக்கச் சொல்ல, ஐ.பி.எம். 1978-ல் வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தது 1976-ல் சிவ நாடார் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல். அரசியல் திறந்துவிட்ட கதவு வழியாக நுழைந்தாலும், உள்ளே நிலைத்தது சரக்கின் தரத்தால். சிவ நாடார் அரசியல் கருத்துச் சொல்லிக் கேட்டதே அரிது. வேம்பு சொல்லாத நாளே அரிது. அரட்டைக்கும் அந்தத் தரச் சோதனைதான். குறுஞ்செய்திகளுக்கு முழுமையான மறையாக்கம் ஆரம்பத்தில் இல்லை. கேள்விகள் எழுந்த பிறகே வந்தது.

பெட்டிச் செய்தி: அரசு அஞ்சல் ஜோஹோ கையில்

ஏறத்தாழ 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாறியிருக்கிறது. பிரதமர் அலுவலகமும் இதில் அடக்கம். ஒப்பந்தம் 2023-ல், ஏழு ஆண்டுக்கு. முகவரிகள் பழையபடி அரசின் பெயரிலேயே தொடர்கின்றன. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் அதிகாரிகளை ஜோஹோ அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னது. அதே மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மின்னஞ்சலை ஜோஹோவுக்கு மாற்றினார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்.

இங்கேதான் பேச்சும் வேலையும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒப்பந்தம் டெண்டர் வழியாகக் கிடைத்தது. கருத்துக்காகக் கொடுத்தார்கள் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஜோஹோ சொந்தத் தரவு மையம் வைத்திருக்கிறது, விளம்பரத்துக்காகத் தரவை விற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களிடம் அரசுக் கடிதங்களை ஒப்படைப்பதைவிட இது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கட்சியின் கருத்துலகோடு நெருக்கமாக அடையாளம் காணப்படுபவரின் நிறுவனம் அரசின் அஞ்சல்பெட்டியை வைத்திருக்கும்போது, மாற்றுக் கட்சி ஆளும் மாநிலத்தின் அதிகாரிக்குத் தயக்கம் வருவது இயல்பு. அந்தத் தயக்கத்தைத் தேசபக்தி முழக்கத்தால் போக்க முடியாது. வெளியார் செய்யும் பாதுகாப்புத் தணிக்கை, அதன் முடிவை நாடாளுமன்றத்தில் வைத்தல், ஆட்சி மாறினாலும் மாறாத ஒப்பந்த விதிகள், இவைதான் போக்கும். வேம்பு கேட்டால் அரசு மறுக்காது. அவரே முன்வந்து கேட்கவேண்டும்.

மீதியிருக்கும் கணக்கு

2025-ல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.9 லட்சம் பேர் பிளஸ் டூ எழுதினார்கள். ஜோஹோ பள்ளிகள் ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்வது சில நூறு பேரை. ஒரு நிறுவனத்தால் அவ்வளவுதான் முடியும். 2017-ல் எச்.சி.எல். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான 'டெக்பீ' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால், கட்டணம் வாங்காமல், மாதாமாதம் பணம் கொடுத்துப் படிக்கவைக்கும் ஜோஹோ முறைதான் ஏழை வீட்டுக்கு ஏற்றது. அதற்குக் காப்புரிமை கிடையாது.

திருச்சிப் பக்கத்து நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது. பஞ்சப்பூரில் டைடல் பூங்கா வருகிறது. அங்கே இடம் கேட்டு வரும் நிறுவனங்களிடம் அரசு நிபந்தனை ஒன்று வைக்கலாம்: சலுகை விலையில் இடம் வேண்டுமென்றால், புதிதாக எடுப்பவர்களில் பத்தில் ஒருவரை மணச்சநல்லூர், துறையூர், தொட்டியம் அரசுப் பள்ளிகளிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு எடுத்துச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கவேண்டும். 2023-ல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அமைச்சராக வந்த பழனிவேல் தியாகராஜன் துவாக்குடியில் பொறியியல் படித்தவர். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை அவர் அறிவார். அந்தத் துறையில் யார் உட்கார்ந்தாலும் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.